கஸ்டம் ஃபர்ம்வேர் போட்டபின் ‘செத்துப்போன’ வீட்டுக் கேமரா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக் கேமராவில் கம்பெனி ஃபர்ம்வேரை (கேமராவை உள்ளிருந்து ஓட்டும் புரோகிராமை) எடுத்துவிட்டு திங்கினோ, ஓப்பன்ஐபிசி மாதிரி திறந்த மூல ஃபர்ம்வேர் போடுகிறவர்கள் மதுரைப் பக்கமும் இப்போது இருக்கிறார்கள். வீட்டு வாசல் வீடியோ எங்கோ இருக்கும் சர்வருக்குப் போக வேண்டாம், மாதச் சந்தா வேண்டாம் என்பதுதான் பெரும்பாலும் காரணம். போட்ட அன்று ராத்திரியே சிலர் எனக்குப் போன் செய்துவிடுவார்கள். திருமங்கலத்திலிருந்து வந்தாலும் ஒத்தக்கடையிலிருந்து வந்தாலும் சந்தேகங்கள் அதேதான் என்பதால், கேட்டவர்கள் வாக்கிலேயே இங்கே எழுதி வைக்கிறேன். முதல் நான்கு பதில்களைப் படிக்கும்வரை ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டாம். ஃபைல் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன்; கார்டில் போடும்போது அவை ஆங்கிலச் சிறிய எழுத்தில் இருக்க வேண்டும்.

1. “அண்ணே, ஃபர்ம்வேர் மாத்துனதுல இருந்து ஆப்ல கேமரா வரவே மாட்டேங்குது. செத்துருச்சா?”

ஆப்பில் வராது. வரவும் கூடாது. அந்த ஆப் பேசுவது கம்பெனி சர்வரோடு. நீங்கள் போட்ட புது ஃபர்ம்வேருக்கு அந்த சர்வர் யாரென்றே தெரியாது. ஆப்பில் ‘ஆஃப்லைன்’ என்று காட்டுவதை வைத்துக் கேமராவைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

திங்கினோ போட்டிருந்தால் முதல் தடவை கேமராவே ஒரு வைஃபையைத் திறக்கும். போனில் வைஃபை பட்டியலைப் பாருங்கள். ‘திங்கினோ’ என்று தொடங்கும் பெயர் இருந்தால் அதில் இணைந்து, உங்கள் வீட்டு வைஃபை விவரத்தைக் கொடுத்தால் முடிந்தது. ஈதர்நெட் வயர் உள்ள கேமராவில் ஓப்பன்ஐபிசி போட்டிருந்தால், ரவுட்டரிலிருந்து தானாக ஐபி எண் வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். ரவுட்டர் பக்கத்தில் போய், இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைப் பார்த்து, அந்த எண்ணை பிரவுசரில் அடியுங்கள்.

2. “அப்ப உண்மையிலேயே செத்துருச்சான்னு எதை வச்சு முடிவு பண்றது?”

கேமராவுக்குள் இருப்பது ஒரு குட்டி லினக்ஸ் கம்ப்யூட்டர். கரண்ட் கொடுத்ததும் முதலில் யு-பூட் என்கிற பூட்லோடர் எழும். அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை ஏற்றும். கெர்னல், மற்ற புரோகிராம்கள் இருக்கும் ரூட் ஃபைல் சிஸ்டத்தை ஏற்றும். இந்த மூன்றில் எது வரை ஓடுகிறது என்பதுதான் கேள்வி. ‘பிரிக் ஆயிருச்சு’ (செங்கல் மாதிரி ஆகிவிட்டது) என்று ஒரே வார்த்தையில் சொன்னால் எனக்கும் புரியாது, உங்களுக்கும் உதவாது.

ரவுட்டரில் பெயர் தெரிந்தால் மூன்றும் ஓடுகிறது. வெறும் செட்டிங் பிரச்சினை. விளக்கு எரிந்து அணைந்து, குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப அதையே செய்தால், பூட்லோடர் நன்றாக இருக்கிறது, அதற்குப் பிறகு எங்கோ விழுகிறது. லென்ஸைக் கையால் மூடித் திறக்கும்போது உள்ளே ‘டிக்’ என்று சின்னச் சத்தம் கேட்டால் இன்னும் சந்தோஷம்: பகல்-இரவு மாற்றும் ஃபில்டர் நகர்கிறது, அதாவது உள்ளே புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த அசைவும் இல்லையென்றால் மட்டும் பூட்லோடரைச் சந்தேகப்படலாம். அதற்கும் முன்னால் அடுத்த பதில்.

3. “லைட்டே எரியலண்ணே. கல்லு மாதிரி கிடக்கு.”

முதலில் அடாப்டரையும் வயரையும் மாற்றிப் பாருங்கள். நம்ம ஊர் வெயிலில் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் தொங்கும் அடாப்டர்கள் ஒரு கோடையைத் தாண்டினாலே பெரிய விஷயம். உள்ளே கெபாசிட்டர் உப்பியிருக்கும். மல்டிமீட்டரில் 5 வோல்ட் காட்டும், கேமரா கரண்ட் இழுத்ததும் சரிந்துவிடும். வீட்டிலிருந்து கேட் வரை மெல்லிய யுஎஸ்பி வயரை நீட்டி இழுத்திருந்தாலும் இதே கதைதான். பகலில் ஓடும், ராத்திரி இன்ஃப்ராரெட் விளக்குகள் எரிந்ததும் கரண்ட் போதாமல் ரீஸ்டார்ட் ஆகும். ஃபர்ம்வேர்மேல் பழி போடுவார்கள். கேமராவை மேஜைமேல் வைத்து, ஒரு மீட்டர் வயரில், நல்ல போன் சார்ஜரில் சோதியுங்கள். (12 வோல்ட் கேமராவுக்கு இது பொருந்தாது, அதற்கு உரிய அடாப்டரைத்தான் மாற்ற வேண்டும்.)

இன்னொன்று: பல கேமராக்களில் விளக்கை எரிய வைப்பதே ஃபர்ம்வேர்தான். புது ஃபர்ம்வேருக்கு அந்த விளக்கு மெயின் சிப்பின் எந்தக் காலில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் எரியாது. விளக்கு இல்லை என்பது சாவுச் சான்றிதழ் இல்லை.

4. “ஃபிளாஷ் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுச்சு. ஆனா வைஃபையே வரல. வீட்டு வைஃபைலயும் இல்ல, அதோட சொந்த வைஃபையும் இல்ல.”

மேலே ஒரே பெயர் இருந்தாலும் உள்ளே ஒரே சரக்கு என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்து கொடுக்கும் வைஸ் கேம் வி3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மெயின் சிப் இன்ஜெனிக் டி31. ஆனால் வைஃபை சிப் சிலவற்றில் ரியல்டெக் 8189, சிலவற்றில் ஆல்டோபீம் 6031. இரண்டுக்கும் திங்கினோவில் தனித்தனி இமேஜ் (ஃபர்ம்வேர் முழுவதும் அடங்கிய ஃபைல்). மாற்றிப் போட்டால் கேமரா முழுசாக ஓடும், வைஃபை மட்டும் இருக்காது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு செத்த கேமரா மாதிரியே தெரியும்.

இதற்கு மருந்து, சரியான இமேஜைத் திரும்பப் போடுவது. எப்படி என்பது 5, 7-ஆம் பதில்களில். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இந்த விலைக் கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் கண்ணுக்கே தெரியாது.

5. “கேமராவப் பிரிக்காம மெமரி கார்டு வச்சே சரி பண்ண முடியுமா?”

பல மாடல்களில் முடியும். கம்பெனி பூட்லோடர் இன்னும் உள்ளே இருந்தால், அது எழும்போது கார்டில் குறிப்பிட்ட பெயரில் ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கும். வைஸ் கேம் வி2-வில் அந்தப் பெயர் ‘டெமோ.பின்’. வி3-இல் ‘டெமோ_டபிள்யூசிவி3.பின்’. கார்டைச் செருகி, செட்அப் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே கரண்ட் கொடுக்க வேண்டும். வி3-இல் விளக்கு ஊதா நிறம் வந்ததும் பட்டனை விடலாம். அதற்குப் பிறகு சில நிமிஷம் கை வைக்கக் கூடாது.

மற்ற மாடல்களில் ஃபைல் பெயரும் பட்டனும் வேறாக இருக்கும். மாடல் எண்ணையும் அடியில் ஒட்டியிருக்கும் ஹார்டுவேர் பதிப்பையும் சேர்த்துத் தேடுங்கள். மாடல் ஒன்று, பதிப்பு வேறு என்றால் அது வேறு கேமரா.

6. “கார்டு போட்டு பட்டன அமுக்கி அமுக்கிக் கை வலிச்சுப் போச்சு. எடுக்கவே மாட்டேங்குது.”

பத்தில் எட்டு தடவை கார்டுதான் தப்பு. 64 ஜிபி கார்டு கடையில் வாங்கும்போதே எக்ஸ்ஃபேட் வடிவில் வரும். யு-பூட்டுக்கு அது படிக்கத் தெரியாது. 32 ஜிபி அல்லது அதற்குக் குறைந்த கார்டை எடுத்து, ஃபேட்32 என்று ஃபார்மட் செய்து, ஒரே பார்ட்டிஷன் வைத்து, அதில் அந்த ஒரு ஃபைலை மட்டும் வையுங்கள். ஃபோல்டருக்குள் போடாதீர்கள். வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய 4 ஜிபி, 8 ஜிபி கார்டுகள் இதற்கு ரொம்ப நன்றாக ஒத்துழைக்கும்.

அப்புறம் விண்டோஸ் செய்யும் வேலை. ஃபைல் பெயரின் கடைசித் துண்டை அது மறைத்து வைத்திருக்கும். நீங்கள் ‘.பின்’ என்று சேர்த்தால் உண்மையில் ‘.பின்.பின்’ ஆகியிருக்கும். மறைப்பதை நிறுத்திவிட்டுப் பெயரைப் பாருங்கள். ஜிப் ஃபைலை விரிக்காமல் பெயரை மட்டும் மாற்றிப் போட்டவர்களும் உண்டு. அதைக் கேமரா மன்னிக்காது.

7. “கம்பெனி ஃபர்ம்வேருக்கே திரும்பிடலாம்னு டெமோ ஃபைல் போட்டேன். போன மாசம் வேலை செஞ்சது, இப்ப அசையவே இல்ல.”

போன மாதம் உள்ளே இருந்தது கம்பெனி பூட்லோடர். நடுவில் நீங்கள் திங்கினோவின் முழு இமேஜைப் போட்டிருப்பீர்கள்; அது பூட்லோடரையும் சேர்த்து மாற்றிவிடும். புது பூட்லோடருக்கு ‘டெமோ’ என்ற பெயரே தெரியாது. அது தேடுவது ‘ஆட்டோஅப்டேட்-ஃபுல்.பின்’ என்ற பெயரை. சரியான திங்கினோ இமேஜுக்கு அந்தப் பெயர் வைத்துக் கார்டில் போட்டுக் கரண்ட் கொடுத்தால் எடுத்துக்கொள்ளும். 4-ஆம் கேள்விக்காரர்களுக்கும் இதுதான் வழி.

எழுதி முடித்ததும் கார்டில் ‘ஆட்டோஅப்டேட்-ஃபுல்.டன்’ என்று ஒரு ஃபைல் முளைக்கும். அடுத்த தடவை பூட் ஆகும்போது திரும்பவும் எழுதாமல் இருக்க அது ஒரு அடையாளம். வேறு இமேஜை அதே கார்டில் முயற்சி செய்யும்போது இதை அழிக்க மறந்தால், கேமரா கார்டைக் கண்டுகொள்ளாது. கம்பெனி ஃபர்ம்வேருக்கே திரும்ப வேண்டுமென்றால், முன்பு எடுத்து வைத்த முழு பேக்கப் வேண்டும். இல்லாவிட்டால் 16-ஆம் பதிலைப் பாருங்கள்.

8. “பிரிச்சு உள்ள வயர் வச்சுப் பாக்கணும்ங்கிறாங்களே. அதுக்கு என்ன வாங்கணும்?”

கேமரா எழும்போது எழுத்தாகச் சொல்வதைக் கம்ப்யூட்டர் திரையில் பார்க்க, யுஎஸ்பி-யிலிருந்து சீரியல் மாற்றும் சின்னப் பலகை ஒன்று. சிபி2102, சிஎச்340, எஃப்டி232 என்று எதுவானாலும் சரி, சில நூறு ரூபாய்தான். பலகையில் 3.3 வோல்ட், 5 வோல்ட் என்று ஜம்பர் இருந்தால் 3.3-இல் வையுங்கள். இதை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். கேமரா சிப் 5 வோல்ட்டைத் தாங்காது.

கேமரா போர்டில் மூன்று புள்ளிகள் தேவை: கிரவுண்ட், அனுப்பும் கால், வாங்கும் கால். கிரவுண்டைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து, ஒரு முனையை மெமரி கார்டு ஸ்லாட்டின் தகட்டில் வையுங்கள். எந்தப் புள்ளியில் கத்துகிறதோ அது கிரவுண்ட். பிறகு வோல்ட் மீட்டருக்கு மாற்றிக்கொண்டு மற்றப் புள்ளிகளைப் பாருங்கள். கரண்ட் கொடுத்த முதல் சில நொடிகள் 3.3-இல் நிற்காமல் 2.9, 3.1 என்று எண் நடுங்கும் புள்ளிதான் கேமரா பேசும் கால். அதைப் பலகையின் வாங்கும் காலில் இணைக்க வேண்டும். பலகையின் அனுப்பும் கால் கேமராவின் வாங்கும் காலுக்கு. பலகையின் மின்சாரக் காலை எங்கும் இணைக்காதீர்கள். கேமரா தன் அடாப்டரிலேயே ஓடட்டும்.

பிரிக்கும்போது: ஸ்க்ரூ பெரும்பாலும் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கருக்குக் கீழே இருக்கும். பிளாஸ்டிக் கொக்கிகளுக்குக் காலாவதியான ஏடிஎம் கார்டு போதும். ஸ்பீக்கர் வயர் ரொம்ப மெல்லிசு, மூடியை வெடுக்கென்று இழுக்காதீர்கள்.

9. “ஒரே கிறுக்கலா வருது” / “ஒண்ணுமே வரல”

கிறுக்கல் என்றால் கம்ப்யூட்டரில் வைத்த சீரியல் வேகம் தப்பு. 115200 வைத்துப் பாருங்கள். இந்தக் கேமராக்களில் பெரும்பாலும் அதுதான். ஒன்றுமே வராவிட்டால் அனுப்பும் காலையும் வாங்கும் காலையும் மாற்றி வையுங்கள், கிரவுண்ட் வயர் விட்டுப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியும் வராவிட்டால்தான் 14-ஆம் கேள்வி.

10. “பேட் சிஆர்சின்னு வருதுண்ணே. போச்சா?”

‘வார்னிங், பேட் சிஆர்சி, யூசிங் டீஃபால்ட் என்விரான்மென்ட்’ என்று முழு வரியும் இருந்தால் ஒன்றும் போகவில்லை. யு-பூட் தன் செட்டிங்கைச் சேமிக்கும் இடம் காலியாக இருக்கிறது, அதனால் தன்னிடம் இருக்கும் இயல்பு செட்டிங்கோடு ஓடுகிறது என்று அர்த்தம். புதிதாக எழுதிய ஃபிளாஷில் (ஃபர்ம்வேர் இருக்கும் மெமரி சிப்பில்) இது சாதாரணம்.

பார்க்க வேண்டிய வரிகள் வேறு. முதலில் யு-பூட் என்ற பெயரும் பதிப்பும் வந்துவிட்டால் பூட்லோடர் பிழைத்திருக்கிறது. இனி சால்டரிங் அயனே வேண்டாம். ‘ஸ்டார்ட்டிங் கெர்னல்’ வந்து அதோடு நின்றால் கெர்னல் இமேஜ் பொருந்தவில்லை. ‘கெர்னல் பேனிக்’, ‘அனேபிள் டு மவுன்ட் ரூட்’ என்று வந்தால் கெர்னல் சரி, ரூட் ஃபைல் சிஸ்டம் பாதியில் நின்றிருக்கிறது அல்லது தப்பான இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. யாரிடமாவது உதவி கேட்கும்போது போனில் போட்டோ எடுத்து அனுப்பாமல், திரையில் வந்த எழுத்தை முழுசாக காப்பி செய்து அனுப்புங்கள். தேவையான வரி எப்போதும் போட்டோவுக்கு மேலே ஓடிப்போயிருக்கும்.

11. “யு-பூட் ஓடுது, ஆனா நிறுத்த முடியல. கீய அமுக்குறதுக்குள்ள கடந்து போயிருது.”

கரண்ட் கொடுத்த பிறகு அமுக்கினால் நேரம் கிடைக்காது. கீயை விடாமல் தட்டிக்கொண்டே கரண்ட் கொடுங்கள். சில பூட்லோடர்கள் எந்தக் கீக்கும் நிற்கும். ஹைசிலிகான் சிப் வைத்த பல போர்டுகளில் கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அமுக்கினால்தான் நிற்கும்.

காத்திருக்கும் நேரத்தையே பூஜ்யமாக வைத்திருக்கும் கேமராக்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. போர்டில் எட்டுக் கால் ஃபிளாஷ் சிப்பின் 5-ஆவது, 6-ஆவது கால்களை, யு-பூட் பெயர் திரையில் வந்த அந்தக் கணத்தில், ட்வீசர் முனையால் ஒரு நொடி சேர்த்துத் தொட வேண்டும். தரவுக் காலும் கிளாக் காலும் சேர்ந்துவிடுவதால் யு-பூட்டால் கெர்னலைப் படிக்க முடியாது. வேறு வழியில்லாமல் கமாண்டுக்குக் காத்து நிற்கும். கொஞ்சம் முன்னால் தொட்டால் யு-பூட்டே ஏறாது, பின்னால் தொட்டால் கெர்னல் போய்விடும். கை பழக நேரமாகும். அதே வரிசையின் கடைசியில் இருக்கும் 8-ஆவது கால் மின்சாரக் கால், அதில் ட்வீசர் படவே கூடாது. கை நடுங்குகிறவர்கள் 14-க்கே போய்விடலாம். அது இதைவிடப் பாதுகாப்பு.

12. “நிறுத்திட்டேன். இப்ப இமேஜ எப்படி உள்ள அனுப்புறது?”

ஈதர்நெட் உள்ள கேமரா என்றால் டிஎஃப்டிபி (நெட்வொர்க் வழியாக ஃபைல் அனுப்பும் எளிய முறை). லேப்டாப்பில் ஒரு டிஎஃப்டிபி சர்வர் போட்டு, இரண்டுக்கும் ஒரே வரிசையில் ஐபி எண் கொடுத்து இழுக்கலாம். இழுக்காமல் நின்றால் பெரும்பாலும் விண்டோஸ் ஃபயர்வால் தடுக்கிறது. கார்டு ஸ்லாட் உள்ளதில், யு-பூட்டுக்கு ஃபேட் படிக்கத் தெரிந்தால், கார்டிலிருந்தே ஏற்றலாம். இரண்டும் இல்லையென்றால் சீரியல் வயர் வழியாகவே ஒய்மோடம் முறையில் அனுப்பலாம். 115200 வேகத்தில் 8 எம்பி ஃபைலுக்குக் குறைந்தது 12 நிமிஷம், 16 எம்பிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. டீ குடித்துவிட்டு வரலாம், வயரைத் தட்டிவிடாமல்.

மூன்று வழியிலும் இமேஜ் முதலில் ராமுக்குத்தான் வரும். அதன் அளவு சரியா என்று பார்த்த பிறகுதான் ஃபிளாஷை அழித்து எழுத வேண்டும். அழிக்காமல் எழுதக் கூடாது. இந்த வகை ஃபிளாஷில் எழுதும்போது 1 என்பதை 0 ஆக்க மட்டும்தான் முடியும். 0-ஐ மறுபடி 1 ஆக்க அந்தப் பகுதியையே அழித்தாக வேண்டும். சிலேட்டைத் துடைக்காமல் மேலேயே எழுதினால் பழையதும் புதியதும் கலந்து யாருக்கும் புரியாதே, அந்த மாதிரி. ராம் முகவரி சிப்புக்குச் சிப்பு மாறும் என்பதால் வேறு மாடலுக்கு எழுதிய கமாண்டை அப்படியே ஒட்டாதீர்கள்.

13. “எழுதிட்டு இருக்கும்போதே எரர் வந்துருச்சு. ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணட்டுமா?”

வேண்டாம்! பிளக்கில் கை வைக்காதீர்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் யு-பூட் ராமில் இருக்கிறது. ஃபிளாஷ் முழுவதும் காலியானாலும் கரண்ட் இருக்கும்வரை அது உங்கள் பேச்சைக் கேட்கும். அதே கமாண்டைத் திரும்பக் கொடுங்கள். இமேஜைத் திரும்ப இழுங்கள். எழுதியதைப் படித்து ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு ரீசெட். அணைத்துவிட்டால் அடுத்த தடவை எழுந்திருக்க ஃபிளாஷில் எதுவும் இருக்காது.

அதனால்தான் எந்த நேரத்தில் ஆரம்பிப்பது என்பதும் முக்கியம். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு உங்கள் பகுதியை அறிவித்திருக்கும் நாளில் காலையில் இதைத் தொடங்காதீர்கள். மழைக்கு இருட்டிக்கொண்டு வரும் சாயங்காலமும் வேண்டாம். இன்வெர்ட்டர் இருந்தால் அதில் வையுங்கள். 5 வோல்ட் கேமராவுக்கு நல்ல பவர் பேங்கே போதும். தோட்டத்து மோட்டார் ரூமில் மாட்டிய கேமராவை அங்கேயே வைத்து ஃபிளாஷ் செய்கிறேன் என்ற வாடிப்பட்டிக்காரரிடம், கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றுதான் சொன்னேன். மோட்டார் போடும்போது அங்கே வோல்டேஜ் எப்படி விழும் என்று அவருக்கே தெரியும்.

14. “சீரியல்ல ஒரு எழுத்துகூட வரல. யு-பூட்டே போயிருச்சு போல. இனி ஒண்ணும் பண்ண முடியாதா?”

முடியும். ஃபிளாஷ் சிப்பில் நேரடியாக எழுத வேண்டும். அதற்கு சிஎச்341ஏ என்ற புரோகிராமரும், சிப்பைக் கவ்வும் எட்டுக் கால் கிளிப்பும் வேண்டும். சிப்பின்மேல் 25கியூ64, 25கியூ128 மாதிரி எழுதியிருக்கும். அந்த 64, 128 என்பது மெகாபிட் கணக்கு. எட்டால் வகுத்தால் 8 எம்பி, 16 எம்பி. இமேஜ் ஃபைலின் அளவு இதோடு பொருந்த வேண்டும். சிப்பின் மூலையில் இருக்கும் சின்னப் புள்ளி 1-ஆவது கால். கிளிப் வயரில் சிவப்புக் கோடு அந்தப் பக்கம் வர வேண்டும். கேமராவின் அடாப்டரைக் கழற்றிவிட்டுத்தான் கிளிப்பை மாட்ட வேண்டும்.

கறுப்புப் பலகையில் வரும் மலிவு சிஎச்341ஏ-வில் ஒரு பழைய வியாதி உண்டு. சிப்புக்கு 3.3 வோல்ட் மின்சாரம் கொடுக்கும், ஆனால் தரவுக் கால்களில் 5 வோல்ட் வரும். பல தடவை ஒன்றும் ஆகாது, சில தடவை சிப்பு போய்விடும். வோல்டேஜ் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் வைத்த பலகை கொஞ்சம் விலை கூட, அதையே வாங்குங்கள். 1.8 வோல்ட் சிப்புகளும் இருக்கின்றன. சிப்பு எண்ணை முழுசாகப் படித்து அதன் தகவல் தாளைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

மாட்டியதும் எழுதாதீர்கள். முதலில் படியுங்கள். இரண்டு தடவை படித்து, இரண்டு ஃபைலும் ஒன்றுதானா என்று செக்சம் (ஃபைலிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) பாருங்கள். கெட்டுப்போன ஃபர்ம்வேராக இருந்தாலும் அதைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் கேமராவின் மேக் முகவரி (நெட்வொர்க்கில் அதற்கென்று உள்ள அடையாள எண்) மாதிரியான சொந்த விவரங்கள் அதில் எங்காவது மிச்சம் இருக்கும்.

15. “ரெண்டு தடவை படிச்சா ரெண்டும் வேற வேறயா இருக்கு. சில நேரம் சிப்பே இல்லைங்குது.”

கிளிப் சரியாக உட்காரவில்லை, அல்லது கேமராவின் மெயின் சிப் குறுக்கே வருகிறது. கிளிப் வழியாகப் போகும் 3.3 வோல்ட் ஃபிளாஷோடு நிற்பதில்லை, போர்டு முழுக்கப் பரவும். மெயின் சிப் அரைகுறையாக முழித்துக்கொண்டு அதுவும் ஃபிளாஷைப் படிக்கப் பார்க்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எதுவும் தெளிவாக வராது. படித்ததெல்லாம் ஒரே எஃப்எஃப் என்றோ ஒரே பூஜ்யம் என்றோ வந்தால் அது படித்ததாகவே கணக்கில்லை.

சிப்பின் கால்களை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து மறுபடி மாட்டிப் பாருங்கள். அப்படியும் ஒத்துவராவிட்டால் சிப்பை ஹாட் ஏர் வைத்துக் கழற்றி, தனியாக எழுதி, திரும்ப வைப்பதுதான் வழி. அனுபவம் இல்லையென்றால் இதை மட்டும் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

16. “பேக்கப் எடுக்கல. அதே மாடல் வச்சிருக்க ஃபிரண்டோட டம்ப்ப எழுதிக்கலாமா?”

டம்ப் என்பது அவர் ஃபிளாஷிலிருந்து படித்தெடுத்த முழு நகல். அதை எழுதினால் கேமரா எழும். ஆனால் உங்கள் கேமரா இனி அவருடைய கேமரா. மேக் முகவரி அவருடையது; இரண்டும் ஒரே வீட்டில் ஒரே ரவுட்டரில் இருந்தால் மாறி மாறி விழும். கம்பெனி ஆப்போடு பேசும் அடையாளச் சாவியும் அவருடையது, அதனால் ஆப்பில் இரண்டில் ஒன்று தகராறு செய்யும். அவர் வீட்டு வைஃபை பாஸ்வேர்டும் அந்த டம்ப்பில் இருக்கலாம். நம்பித் தருகிற நண்பர் என்றால் பரவாயில்லை. ஊர் பேர் தெரியாதவர் போட்ட டம்ப் வேண்டாம், உங்களுடையதையும் பொதுவில் போட வேண்டாம்.

என் யோசனை: நண்பரின் டம்ப்பைவிட, அதே ஹார்டுவேருக்கான திங்கினோ அல்லது ஓப்பன்ஐபிசி முழு இமேஜை எழுதுங்கள். அதற்கு கம்பெனி சாவி தேவையில்லை. மேக் முகவரி பெரும்பாலும் கேமரா அடியிலோ பெட்டியிலோ ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து யு-பூட் செட்டிங்கில் எழுதிக்கொள்ளலாம். கம்பெனி ஆப் திரும்ப வராது என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

17. “உயிர் வந்துருச்சு! ஆனா படம் ரோஸ் கலர்ல தெரியுது. வேப்பமரம்கூட ரோஸ்.”

பகலில் இன்ஃப்ராரெட்டைத் தடுக்கும் ஃபில்டர் லென்ஸுக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டும். அது வரவில்லை. அதை நகர்த்தும் கால்களின் எண் உங்கள் போர்டுக்கு வேறாக இருக்கும், அல்லது திசை தலைகீழாக இருக்கும். ஃபர்ம்வேரின் பகல்-இரவு செட்டிங்கில் மாற்றிக் கொடுத்தால் 2-ஆம் பதிலில் சொன்ன அந்த ‘டிக்’ கேட்கும், இலை பச்சையாகும்.

படமே வராமல் மற்றதெல்லாம் ஓடினால் சென்சார் டிரைவர் தப்பு. ஜிசி2053 இருக்கும் கேமராவில் வேறு சென்சாருக்கான இமேஜைப் போட்டிருப்பீர்கள்.

18. “இதெல்லாம் நம்மளால ஆகாதுண்ணே. மதுரைல யாருகிட்ட கொடுக்கலாம்?”

கேமரா மாட்டுகிறவர்களிடம் கேட்டால் ‘புதுசு வாங்கிக்கங்க’ என்பார்கள். அவர்கள் வேலை அது இல்லை. லேப்டாப் போர்டை சிப் லெவலில் பார்க்கும் சர்வீஸ் கடையைத் தேடுங்கள். லேப்டாப்பின் பயாஸ் சிப்பும் பெரும்பாலும் இதே 25 வரிசை எட்டுக் கால் சிப்தான்; 14-இல் சொன்ன புரோகிராமர், ஹாட் ஏர் எல்லாம் அவர்களிடம் தினமும் புழங்கும். டவுன்ஹால் ரோடு, காளவாசல் என்று எங்கே போனாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “பயாஸ் சிப் கழற்றி எழுதுவீங்களா?” ஆமாம் என்றால், இமேஜ் ஃபைலைப் பென் டிரைவில் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். கேமராவுக்கு எது சரியான இமேஜ் என்று தேடுவது அவர் வேலை இல்லை. கூலியைப் பேசிவிட்டு ஆரம்பியுங்கள். 1,500 ரூபாய்க் கேமராவுக்கு அதில் பாதிக்கு மேல் செலவு செய்வது எனக்கு உடன்பாடில்லை.

19. “இந்த வருஷம் வாங்குன புது கேமரா. சீரியல் பாஸ்வேர்டு கேக்குது, சிப்புல எழுதுனாலும் பூட் ஆகல. நான் எதுவும் தப்பா பண்ணுனனா?”

ஒருவேளை எல்லாம் சரியாகவே செய்திருப்பீர்கள். சில கேமராக்களில் செக்யூர் பூட் இருக்கிறது: கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத பூட்லோடரை மெயின் சிப்பே ஓட்டாது. கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவி மெயின் சிப்புக்குள் ஒருமுறை எரித்து வைத்தது. ஃபிளாஷை எத்தனை தடவை மாற்றி எழுதினாலும் அதை அசைக்க முடியாது. இந்தியாவில் சிசிடிவி கேமராக்களுக்கான பாதுகாப்பு விதிகளை மத்திய மின்னணு அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவித்தது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சீரியல் மாதிரியான உள் இணைப்புகளை மூட வேண்டும் அல்லது கடினமான பாஸ்வேர்டால் பூட்ட வேண்டும் என்பதும் அதில் ஒன்று. திருடன் கையில் கேமரா கிடைத்தால் உள்ளே புகக் கூடாது என்பதற்காக வந்த விதி. நம்மையும் சேர்த்துத்தான் வெளியே நிறுத்துகிறது.

ஃபிளாஷ் செய்வதற்கு முன்னால் 14-இல் சொன்னபடி பேக்கப் எடுத்திருந்தால், அதை அப்படியே திரும்ப எழுதுங்கள். கையெழுத்தோடு இருப்பதால் எழுந்துவிடும். பேக்கப் இல்லை, வாரன்டி இருக்கிறது, சிப்பில் கை வைத்த தடயமும் இருக்கிறது என்றால் சர்வீஸ் சென்டரில் உள்ளதைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், கட்டணம் கேட்பார்கள். இனி வாங்கும் கேமராவில் ஃபர்ம்வேரை மாற்றாமலும் ஓரளவு காரியம் நடக்கும். ஆன்விஃப், ஆர்டிஎஸ்பி (கம்பெனி ஆப் இல்லாமலே கேமராவோடு பேசவும் வீடியோ எடுக்கவும் உதவும் பொது முறைகள்) இரண்டும் உள்ள மாடலாகப் பார்த்து வாங்கி, ஆப்பில் ஒரு தடவை செட்அப் செய்துவிட்டு, அதன் ஐபி எண்ணுக்கு மட்டும் இணையத்தை ரவுட்டரில் தடுத்துவிடுங்கள். வீட்டுக்குள்ளேயே ஒரு என்விஆரிலோ (வீடியோ பதிவுப் பெட்டியிலோ) பழைய கம்ப்யூட்டரிலோ பதிவாகும். மாடலைத் தேர்வு செய்யும்போது, இணையம் இல்லாமல் அந்த ஆர்டிஎஸ்பி தொடர்ந்து ஓடுகிறதா என்று மட்டும் வாங்கியவர் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். சிலது ரீஸ்டார்ட் ஆனதும் சர்வரைத் தேடிக்கொண்டு நின்றுவிடும்.